மருத்துவரும் காணாத இருள்

கண்ணுக்கு வரும் நோய்களுள் பெரும்பாலானவை தம் வரவைத் தாமே அறிவித்துக்கொண்டு வருபவை. கண் சிவக்கும், நீர் வடியும், பீளை கட்டும், வெளிச்சம் பட்டால் கூசும். புரை முற்றினால் கண்மணி வெளுத்துவிடுவது அடுத்த வீட்டாருக்கும் தெரியும். ஆனால் இவ்வகை எதிலும் சேராத பார்வையிழப்பு ஒன்று உண்டு. அதற்கு முன்னறிவிப்பு இல்லை. பல வேளைகளில் வலியும் இல்லை. புறத்தே ஓர் அடையாளமும் இராது. இரவு படுக்கும்போது இருந்த பார்வை விடிந்து எழும்போது ஒரு கண்ணில் இல்லை. அல்லது தையற்பொறியின் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போதே, பார்வையின் நடுவில் கரும்புள்ளி ஒன்று வந்து நின்றுவிடுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் நோக்கினாலோ, கண் என்றும்போல் தெளிவாகவே இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருவர் தமக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால், அதனைப் பிறர் நம்புவதற்குச் சான்று யாது? வேலைக்கு வராதிருக்கச் சொல்லும் சாக்கு என மேற்பார்வையாளர் எண்ணலாம். வீட்டார், வெயிலில் அலைந்ததன் சூடு என்று எண்ணெய் தேய்த்து முழுகச் சொல்லலாம். மருத்துவரே கூட, கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று கையை விரிக்கலாம். தின ஊதியத்துக்கு வேலை செய்யும் ஒருவருக்கு, அதிலும் சொந்த ஊரை விட்டுப் பிறமொழி வழங்கும் நகரில் வாழ்கின்ற ஒருவருக்கு, தம் சொல்லைப் பிறர் நம்புவது என்பது சிறு செய்தியன்று. கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கலையின் வரலாற்றை, அந்த நம்பிக்கையின் வரலாறாகவே இன்று நான் சொல்லக் கருதுகிறேன்.

புறத்தே குறியில்லாத இந்தக் குருட்டுக்குக் கிரேக்க மருத்துவர் ‘அமரோசிஸ்’ என்று பெயரிட்டனர். இருளடைதல் என்பது அதன் பொருள். ஜெர்மானியர் அதனைக் கறுப்புப் புரை என்றனர். வெண்புரையில் கண்மணி வெளுக்கும், இதில் அது கறுப்பாகவே இருக்கும் என்பதனால் வந்த பெயர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவரிடையே இதைப் பற்றிக் கசப்பான நகைச்சுவை ஒன்று வழங்கிற்று: இது எத்தகைய நோய் என்றால், நோயாளியும் ஒன்றும் காண்பதில்லை, மருத்துவரும் ஒன்றும் காண்பதில்லை என்பதே அது. பெயர் இருந்தது, நோய் இன்னதென்று அறிய வழியில்லை. ஒரே பெயருக்குள் இருபது முப்பது வெவ்வேறு நோய்கள் அடைபட்டுக் கிடந்தன என்பது பின்னரே தெரியவந்தது.

இந்த நிலையை மாற்றியவர் கண் மருத்துவர் அல்லர். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, 1850-ஆம் ஆண்டின் இறுதியில், கோனிக்ஸ்பெர்க் நகரில் உடலியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கண்மணி ஏன் கறுப்பாகத் தோன்றுகிறது என்பதை மாணவர்க்கு விளக்க முயன்றபோது அவர் எளிய உண்மை ஒன்றைக் கண்டார். கண்ணுக்குள் புகும் ஒளி விழித்திரையில் பட்டு, புகுந்த வழியாகவே திரும்பி வருகிறது. அதனைக் காண வேண்டுமாயின் காண்பவர் தம் கண்ணை அந்த வழியிலேயே வைக்க வேண்டும். ஆனால் அங்கே தலையை நீட்டினால் விளக்கின் ஒளி மறைந்துவிடும். ஆழ்கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவனின் தலையே கிணற்றுக்குள் விழும் வெளிச்சத்தை மறைத்துவிடுவது போன்றது இது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் மெல்லிய கண்ணாடித் தகடுகள் சிலவற்றைச் சாய்வாக வைத்தார். பக்கத்தே இருந்த விளக்கின் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பி நோயாளியின் கண்ணுக்குள் சென்றது. உள்ளிருந்து மீண்ட ஒளியில் ஒரு பகுதி அதே தகடுகளை ஊடுருவிக்கொண்டு காண்பவர் கண்ணை வந்தடைந்தது. உயிருள்ள மனிதனின் விழித்திரை வெட்டவெளியாகக் கண்முன் விரிந்தது. 1851-இல் அவர் இதைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். ‘ஆப்தல்மாஸ்கோப்’ என்ற அந்தக் கருவியின் வழிவந்ததைத்தான், கையடக்கமான விளக்கு ஒன்றைக் கண்ணருகே கொண்டுவந்து பார்க்கும் டாக்டரிடம் நாம் இன்றும் காண்கிறோம்.

அங்ஙனம் கண்டது என்ன? உடலை அறுக்காமல் இரத்தக் குழாய்களை நேரே காணக்கூடிய இடம் விழித்திரை. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்திலிருந்து நாடியும் நாளமும் கிளைத்து, வேர்போலப் பரவிச் செல்வதை மருத்துவர் முதன்முறையாகப் பார்த்தனர். பெர்லினில் இருந்த ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே என்ற இளம் மருத்துவர் இக்கருவியை உடனே கைக்கொண்டார். 1859-இல் இதய நோயுடைய ஒருவருக்குத் திடீரென ஒரு கண்ணில் பார்வை போயிற்று. கிரேஃபே உள்ளே நோக்கினார். இதயத்திலிருந்து புறப்பட்ட சிறு கட்டி ஒன்று விழித்திரையின் நடு நாடியை அடைத்துவிட்டது என்று முடிவு செய்து எழுதினார். இந்த நோயில் குருதி கிட்டாத விழித்திரை வெளுத்துப் போகும். அதன் நடுவில், திரை மெலிந்திருக்கும் புள்ளியில் மட்டும், பின்னால் உள்ள செந்நிறம் தெரியும். வெளிறிய நெற்றியில் இட்ட குங்குமப் பொட்டுப் போலத் தோன்றும் அதனை ஒருமுறை கண்ட மருத்துவர் மறப்பதில்லை. இருள் என்று மட்டும் பெயர் பெற்றிருந்த நோயின் ஒரு பகுதி, இவ்வாறு இதயத்தோடும் குருதியோடும் தொடர்புடைய நோயாக இனங்காணப்பட்டது.

ஆயினும் கண்டதைப் பிறருக்குக் காட்டுவது எப்படி? ஒரு மருத்துவர் பார்த்ததை இன்னொருவர் நம்ப வேண்டியிருந்தது. எனவே அக்கால மருத்துவர் சிலர் ஓவியராகவும் ஆயினர். ரிச்சர்ட் லீப்ரைக் என்பவர் 1863-இல் வெளியிட்ட வண்ணப் படத் தொகுப்பு இத்துறையின் முன்னோடி நூல். நோயாளி அசையாது அமர்ந்திருக்க, மருத்துவர் ஒரு கண்ணால் உள்ளே நோக்கி, மறு கையால் தீட்டிய படங்கள் அவை. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஓவியன் தான் அறிந்ததையே வரைகிறான் அல்லவா? அவன் கவனிக்காததைப் படம் ஒருபோதும் காட்டாது.

புகைப்படம் அந்தக் குறையைத் தீர்க்கும் என்று எல்லாரும் எண்ணினர், எளிதில் முடியவில்லை. கண் ஓயாது அசைவது. வெளிச்சத்தைக் கண்டால் பாவை சுருங்கிவிடும். கண்ணின் முன்புறமே ஒரு பளபளப்பான கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அடிக்கும். இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர் 1886-இல் உயிருள்ள மனிதக் கண்ணின் உட்புறத்தைப் படம்பிடித்து வெளியிட்டனர். காமிராவை நோயாளியின் தலையோடு சேர்த்துக் கட்டி, இரண்டரை நிமிடம் ஒளி காட்டி எடுத்த படம் அது. நரம்பு வட்டமும் பெரிய குழாய்களும் மங்கலாகத் தெரிந்தன, அவ்வளவே. இரண்டரை நிமிடம் இமைக்காமல் அமர்ந்திருந்த அந்த மனிதரின் பொறுமையை வியக்காமல் இருக்க முடியவில்லை. பிரதிபலிப்பை விலக்கும் வழியை ஸ்வீடன் நாட்டு குல்ஸ்ட்ராண்ட் வகுத்தார். அவ்வழியில் அமைந்த காமிராவை நோர்டென்சன் என்பவரின் திட்டப்படி ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 1926-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. எழும்பூரில் இன்றும் இயங்கிவரும் அரசினர் கண் மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. பம்பாயில், 1845-இல் திறக்கப்பட்ட ஜே. ஜே. மருத்துவமனையை அடுத்து, பார்சி வள்ளல் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணியின் கொடையால் தனியே கண் மருத்துவமனை ஒன்று அமைந்தது. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு நம் மக்கள் வரத்தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். எழுத்தர்களும் கணக்கர்களும் மாட்டுங்காவில் குடியேறியது 20-ஆம் நூற்றாண்டில். செம்பூர் அதற்கும் பின்னர். தாராவிக்கு அண்டையில் சயானில் மாநகராட்சி மருத்துவமனை எழுந்தது 1947-இல். அதனுடன் மருத்துவக் கல்லூரி சேர்ந்தது 1964-இல். தாராவியிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். மாட்டுங்காவிலிருந்தும் தொலைவில்லை.

அவ்வாறு இருந்தும் நம்மவரிடையே ஒரு வழக்கம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. உடம்புக்குக் காய்ச்சல் என்றால் அருகிலுள்ள மருத்துவமனை. கண் என்றால் ஊருக்குப் போய்க் காட்டுவது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையையும், சென்னையில் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-இல் சங்கர நேத்ராலயாவையும் நிறுவிய பின்னர் இவ்வழக்கம் இன்னும் வலுப்பெற்றது. அது பெருமைக்குரிய காரணத்தால் வந்த வழக்கமே, குறைகூறுவதற்கில்லை. மொழி தெரிந்த டாக்டர், உறவினர் வீடு, ஊர்ப் பயணம் எல்லாம் ஒருங்கே கிட்டும். புரை அறுப்பதற்கு அது முற்றிலும் பொருந்தும். புரை மூன்று மாதம் காத்திருக்கும். திடீரென்று போன பார்வை காத்திருக்குமா என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை கண்டவருள் தலையாயவர் ஓர் இந்தியர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவர் கைக்கொண்ட முறையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் இந்தியானாவில் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரு மருத்துவ மாணவர்கள், ‘ஃபுளூரசின்’ என்ற சாயத்தைக் கைந்நாளத்தில் ஏற்றி, அது விழித்திரையின் குழாய்களில் ஓடுவதைப் படம்பிடிக்க முயன்றனர். இச்சாயத்தை 1871-இலேயே ஃபான் பேயர் என்ற ரசாயன அறிஞர் ஆக்கியிருந்தார். நீல ஒளி பட்டால் அது பச்சை கலந்த மஞ்சளாய் ஒளிவிடும். ஆகவே நீல வடிகட்டி வழியாக ஒளியைச் செலுத்தி, வேறொரு வடிகட்டி வழியாகப் படம் எடுத்தால், கருமையான பின்புலத்தில் குருதிக் குழாய்கள் மட்டும் சுடர்விட்டுத் தெரியும். இருவருள் ஆல்விஸின் கண்ணே முதலில் சோதனைக்கு உள்ளாயிற்று. கண் மருத்துவ இதழ் ஒன்று அவர்களுடைய கட்டுரையை ஏற்கவில்லை. 1961-இல் இரத்த ஓட்டம் பற்றிய இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. அதுவரை எடுத்த படங்கள் விழித்திரையின் தோற்றத்தைக் காட்டின; இவையோ அதன் ஓட்டத்தைக் காட்டின. கையில் ஏற்றிய சாயம் பத்துப் பதினைந்து வினாடிகளில் கண்ணை எட்ட வேண்டும். எட்டவில்லையானால் வழியில் அடைப்பு. குழாயை விட்டுக் கசிந்தால் சுவர் பழுது. எங்கே ஓட்டம் நின்றது, எந்தக் கிளையில் நின்றது என்பதெல்லாம் வினாடிக்கு வினாடி படமாகப் பதிந்துவிடும்.

பஞ்சாபில் பிறந்த டாக்டர் சோஹன் சிங் ஹேரே, 1961-இல் லண்டனுக்குச் சென்று ஆராய்ச்சி தொடங்கினார். பின்னர் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து, 2022-இல் காலமானார். பார்வை நரம்பின் முனைக்குக் குருதி எங்கிருந்து வருகிறது என்பது பற்றி அக்காலத்தில் நிலவிய கருத்தை அவர் மறுத்தார். மறுத்தவரைப் பெரியோர் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. உலகெங்கும் உள்ள வழக்கம் அது. சாயப் படங்களைக் கொண்டே அவர் தம் கருத்தை நிலைநாட்டினார். நமக்கு இங்கே வேண்டுவது அவருடைய வேறோர் ஆராய்ச்சி. ரீசஸ் குரங்குகளின் விழித்திரை நாடியை வெவ்வேறு கால அளவு அடைத்துவைத்து, பிறகு திறந்து, விழித்திரை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அவர் அளந்தார். 97 நிமிடம் வரை அடைப்பு இருந்தால் விழித்திரை மீண்டுவிடுகிறது. 240 நிமிடம் ஆகிவிட்டால் சேதம் பெரிது, மீட்சி இல்லை என்பது அவர் கண்ட முடிவு.

தாதரிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். 97 நிமிடத்தையும் அந்தப் பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்லப்போனால், நடு நாடி அடைபட்ட கண்ணுக்கு உறுதியான சிகிச்சை இன்றளவும் இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் மருத்துவமனைக்கு ஓடினாலும் அந்தக் கண்ணின் பார்வை திரும்பும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. அங்ஙனமாயின் அவசரம் எதற்கு? இதனை மருத்துவர் இப்போது கண்ணில் வந்த பக்கவாதம் என்றே கொள்கின்றனர். கண்ணை அடைத்த கட்டிக்குத் தோழன் ஒன்று அடுத்த சில நாட்களில் மூளையை அடைக்கக்கூடும். கழுத்து நாடியையும் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் உடனே பார்க்க வேண்டும் என்பதே விழித்திரைப் படம் சொல்லும் செய்தி. போன கண்ணுக்காக அன்று, இருக்கும் உயிருக்காக.

இது நிற்க. திடீரெனப் பார்வை மறைவது முதியோர்க்கு மட்டும் வருவதன்று. இருபது முப்பது வயது இளைஞர்கள், ஆரோக்கியமாகத் தோன்றுபவர்கள், கண்ணுக்குள் கொசு பறப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். பிறகு புகை படர்ந்ததுபோல். பிறகு ஒன்றும் தெரியாது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹென்றி ஈல்ஸ் என்ற மருத்துவர் 1880-இல் இத்தகைய இளைஞர்களைப் பற்றி எழுதினார். மூக்கில் இரத்தம் வடிதலும் மலச்சிக்கலும் அவர்களிடம் சேர்ந்திருக்கக் கண்டு அவற்றோடு நோயைத் தொடர்புபடுத்தினார். அந்த விளக்கம் நிற்கவில்லை, பெயர் நின்றுவிட்டது. மேலை நாடுகளில் இந்நோய் அருகிவிட்டது, இந்தியாவில் அருகவில்லை. விழித்திரையின் ஓரத்துக் குழாய்கள் வீங்கி அடைபட்டு, குருதிக்கு ஏங்கும் பகுதியில் புதிய மெல்லிய குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணறை முழுதும் இரத்தம் நிறைந்துவிடுவதே இதில் நிகழ்வது.

இரத்தம் நிறைந்த கண்ணில் காமிராவால் பயனில்லை. ஒளி புகாத இடத்தில் படம் ஏது? அங்கே ஒலியைச் செலுத்தி, எதிரொலியைக் கொண்டு விழித்திரை இடத்தில் இருக்கிறதா, உரிந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். மறு கண்ணில், இன்னும் நன்றாகத் தெரியும் கண்ணில், சாயப் படம் எடுத்தால் நோயின் தொடக்கம் அங்கே காத்திருப்பது பலமுறை தெரியவரும். லேசர் ஒளியால் அதனைத் தடுத்துவிடலாம். காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நெடுநாளாக ஐயம் இருந்தது. சங்கர நேத்ராலயாவில் டாக்டர் எச். என். மாதவனும் அவருடைய குழுவினரும், இந்நோயாளிகளின் விழித்திரை மீதிருந்து அறுத்தெடுத்த சவ்வுகளில் காசநோய்க் கிருமியின் மரபுப் பொருள் இருப்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கிருமி நேரே நோயை விளைக்கிறதா, அதன்பால் உடல் கொள்ளும் சினம் விளைக்கிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. காற்றும் வெயிலும் புகாத சந்துகளில் நெருங்கி வாழும் நகர மக்களுக்கு இந்த வழக்கு வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று.

இதுவரை சொன்னவை எல்லாம் கூர்ந்து நோக்கினால் கண்ணில் ஏதேனும் புலப்படும் நோய்கள். இனிச் சொல்லவிருப்பது புலப்படாதவை. 1975-இல் போஸ், டாய்ட்மன் என்ற டச்சு மருத்துவர் இருவர் சில நோயாளிகளைப் பற்றி எழுதினர். பார்வையின் நடுவுக்குச் சற்று விலகி, அசையாத கரும்புள்ளிகள் திடீரென்று தோன்றியதாக அவர்கள் முறையிட்டனர். எழுத்துகளைப் படிக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே படித்தனர். விழித்திரையோ ஏறக்குறைய இயல்பாகவே காணப்பட்டது. சாயப் படத்திலும் குறிப்பிடத்தக்க கோளாறு இல்லை. இந்த மருத்துவர்கள் நோயாளியின் சொல்லை நம்பினர் என்பதே அவர்களுடைய சிறப்பு. எத்தனை மருத்துவமனைகளில் இத்தகையோர் மனக்கலக்கம் என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவர்களுக்குச் சான்று 1991-க்குப் பிறகு வந்தது. அவ்வாண்டு டேவிட் ஹுவாங், ஃபுஜிமோட்டோ முதலியோர் அமெரிக்காவில் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். ‘ஓ. சி. டி.’ என்று மருத்துவமனைகளில் வழங்குவது அதுவே. ஒலியை அனுப்பி எதிரொலியை அளப்பதுபோல் இங்கே ஒளியை அனுப்பி, அது ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்புவதை அளக்கின்றனர். ஒளியின் வேகத்தைக் கடிகாரத்தால் அளக்க இயலாது. ஆகவே திரும்பி வரும் ஒளியை, தூரம் தெரிந்த கண்ணாடியிலிருந்து வரும் ஒளியோடு மோதவிட்டு, இரண்டும் இசையும் இடத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கின்றனர். விழித்திரையின் கனம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அதனை அறுத்து வைத்ததுபோல அடுக்கடுக்காக, மில்லிமீட்டரில் சில ஆயிரத்தொரு பங்கு அளவுக்கு நுணுக்கமாகக் காட்டுகிறது இப்படம். ஊசியில்லை, சாயமில்லை, முகவாயை ஒரு தாங்கியில் வைத்துச் சில வினாடி ஒரு புள்ளியைப் பார்த்திருந்தால் போதும். 1996 முதல் இக்கருவி விற்பனையில் உள்ளது.

அந்தக் கரும்புள்ளி நோயாளிகளை இக்கருவியின்முன் அமர்த்தியபோது, அவர்கள் சுட்டிய இடத்திலேயே, விழித்திரையின் வெளியடுக்குகளில் ஒரு சிதைவு கோடுபோல் தெரிந்தது. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில், நோயாளி தாளில் வரைந்து காட்டிய புள்ளியின் வடிவமே கருமையாகப் பதிந்திருந்தது. நடு அடுக்கில் மட்டும் குருதி குன்றுவதால் வரும் இன்னொரு வகையை 2013-இல் சராஃப் என்பவரும் அவர் குழுவினரும் பிரித்துக் காட்டினர். டெங்குக் காய்ச்சலுக்குப் பின்னும் கொரோனாக் காய்ச்சலுக்குப் பின்னும் இத்தகைய புள்ளிகள் தோன்றுவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மழைக்காலந்தோறும் டெங்கு வந்துபோகும் மும்பையில், காய்ச்சல் விட்ட பின் கண்ணில் ஒரு நிழல் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், அது பலவீனம் என்று தள்ளிவிடத்தக்கதன்று.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று கொள்வதும் பிழை. 2015 ஜூனில் மும்பை மலாடு மால்வணியில் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் கலந்திருந்த மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை எரிக்கும். நரம்பு வட்டம் வீங்கியிருப்பதைப் படம் காட்டலாம். என்ன குடித்தாய் என்று கேட்பதற்கு மருத்துவரின் வாய்தான் வேண்டும். நரம்பின் அழற்சி கண்ணுக்குப் பின்னால் இருக்குமானால், முதல் நாட்களில் விழித்திரைப் படம் இயல்பாகவே இருக்கும். நோயாளியும் காணவில்லை, மருத்துவரும் காணவில்லை என்ற பழைய நகைச்சுவை, இந்த ஒரு நோயைக் குறித்து மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் வழங்குகிறது. ஆனால் சில வாரங்கள் கழித்து ஓ. சி. டி. எடுத்தால், விழித்திரையின் நரம்பிழை அடுக்கு மெலிந்திருப்பது எண்ணாகவே தெரியும். சான்று தாமதமாக வருகிறது, வராமலில்லை.

மும்பையில் திடீர்ப் பார்வையிழப்புக்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று, வியப்புக்குரிய அரிய நோய் எதுவுமன்று, சர்க்கரை நோய். ஆண்டுக்கணக்கில் விழித்திரையின் நுண்குழாய்களை அது அரித்துக்கொண்டிருக்கும். பார்வையில் குறை தோன்றாது. ஒருநாள் புதுக்குழாய் உடைந்து கண் இருண்டுவிடும். நோயாளிக்குத்தான் அது திடீர் நிகழ்ச்சி. விழித்திரைப் படத்துக்கு அது பல்லாண்டுச் செய்தி. சங்கர நேத்ராலயாவில் விழித்திரைச் சிகிச்சை பயின்று மும்பையில் ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் டாக்டர் எஸ். நடராஜன், 2013-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவருடைய அமைப்பினர் தாராவி போன்ற குடிசைப் பகுதிகளுக்குச் சென்று சர்க்கரை நோயுடையோரின் விழித்திரையைச் சோதித்தனர். மும்பைக் குடிசைப் பகுதிகளைப் பற்றி 2017-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், சர்க்கரை நோயுடையோருள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் விழித்திரை பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது.

அடுத்த படி இன்னும் சுவையானது. பெங்களூரில் உருவான, கைத்தொலைபேசியோடு இணைந்த விழித்திரைக் காமிரா ஒன்றை அவர்கள் மும்பை மாநகராட்சியின் சிறு மருந்தகங்களுக்குக் கொண்டுசென்றனர். தொலைபேசியிலேயே அமைந்த கணிப்பொறி அறிவு, இணையத் தொடர்பின் உதவியின்றி, படத்தைப் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடும். 213 பேரின் படங்களைக் கண் மருத்துவர்களும் தனியே பார்த்தனர். மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட வேண்டியவர் ஒருவரையும் கருவி தவறவிடவில்லை. நோயில்லாத சிலரை நோயுண்டு என்று அது ஐயுற்றது. 2019-இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. 213 பேரைக் கொண்டு ஒரு மாநகரத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. சர்க்கரை நோயின் அடையாளத்தைத் தேடவே அந்த அறிவு பழக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நேற்றிரவு பார்வை போன ஒருவர் அதன்முன் அமர்வதில் பயனில்லை, அவர் நேரே பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஒன்று: அந்த மருந்தகங்களில் காமிராவைப் பிடித்துப் படம் எடுத்தவர்கள் கண் மருத்துவர்கள் அல்லர். அதற்கெனப் பழக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்களே.